நீ ‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

மகள்,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உன் உம்மா எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். அவளுக்கும் தெரியாத ஒரு விஷயம் இதற்குள் இருக்கிறது. வாயால் சொல்லலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். நான் தொடங்கினால் மூன்றாவது வசனத்தில் கத்துவேன், நாலாவது வசனத்தில் நீ கதவைச் சாத்துவாய். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஐஸ் பெக்டரியில் நான் எழுதுவதெல்லாம் கம்ப்ரசர் புத்தகத்தில்தான்: மணி, அமுக்கம், வெப்பநிலை, கையெழுத்து. அந்த மாதிரியே இதையும் நேராக எழுதிவிடுகிறேன். அழகாக எழுதத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நீ கல்வியியற் கல்லூரிப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாய். “வாப்பா, கடைசிப் பக்கத்துல ஒரு சைன். படிக்கத் தேவல்ல, எல்லாம் நிரப்பிட்டேன், ஒங்களுக்கு லேட்டாகுது” என்றாய். எனக்கு லேட்டாகிறது என்று நீ கவலைப்பட்டது அன்றுதான் முதல் தடவை, அதனால்தான் படித்தேன். மூன்றாம் பக்கம். ‘நீண்டகால நோய்கள் ஏதும் உண்டா?’ அதற்குக் கீழே ஒரு கட்டம். அதற்குள் உன் வடிவான கையெழுத்தில் ‘இல்லை’. பிறகு கையெழுத்து வைக்கிறேன் என்று படிவத்தை மேசையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். பின்னேரம் உம்மாவிடம் கேட்டேன். “அவட கூட்டாளி ஒருத்தி சொன்னாளாம், ஆஸ்துமா வருத்தம் இரிக்கிண்டு எழுதினா மெடிக்கல்ல தள்ளிருவாங்களாம். புள்ள ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு எடுத்த எடம். நீங்க சும்மா இரிங்க” என்றாள். சும்மா இருக்கத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை நீ மலைநாட்டுக்குப் போகிறாய். அங்கே குளிர், பனி, ஈரச் சுவர். விடுதியில் ஓர் அறையில் ஆறு பேராம். உனக்கு முட்டு வந்து மூச்சு இழுத்தால் அந்த மற்ற ஐந்து பேருக்கும் அது என்னவென்று தெரியாது, நீ ஊதுகிற நீலப் பம்ப் எந்தப் பையில் கிடக்கிறது என்றும் தெரியாது. வார்டன் படிவத்தைத் திறந்து பார்த்தால் ‘இல்லை’ என்றிருக்கும். உன் வாப்பா கீழே கையெழுத்து வைத்திருப்பான். இதற்காக உன்னைத் திட்டத்தான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், இந்தச் சொல்லை நீ யாரிடம் படித்தாய் என்று. என்னிடம்தான் படித்தாய்.

உனக்கு ஆஸ்துமா என்று முதலில் சொன்னது நானோ உம்மாவோ அல்ல. நீ இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது பாடசாலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்த டொக்டர் மிஸ், உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுக் கடிதம் தந்து அனுப்பினார். அதுவரை நாங்கள் அதைச் சளி, தடிமன் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். புத்தளம் கிளினிக்கில் இரண்டு பம்ப் தந்தார்கள், இரண்டும் இலவசம். மண்ணிறப் பம்ப் தினமும் காலையும் பின்னேரமும் எடுக்க வேண்டும், நீலம் முட்டு வரும்போது. எனக்கு நீலத்தைப் பிடித்தது. ஊதினால் பத்து நிமிஷத்தில் உன் நெஞ்சு அடங்கும், கண்ணால் பார்க்கலாம். மண்ணிறத்தால் என்ன நடக்கிறது என்று எந்த மீட்டரும் காட்டவில்லை. மீட்டரில் தெரியாத எதையும் நான் நம்பியதில்லை. உம்மாதான் விடாமல் ஊதவைத்தாள். நான் வீட்டில் நின்ற நாளில் மறந்துவிடுவேன். மறந்தேன் என்று சொல்வதும் பொய். தேவையில்லை என்று நினைத்தே ஊதவைக்காமல் விட்டேன்.

கிளினிக்கையும் எனக்குப் பிடிக்காது. மாதத்தில் ஒரு வியாழன். அஞ்சரைக்கு வெளிக்கிட்டு நம்பர் எடுக்க வேண்டும், டொக்டரைக் காண பத்து மணி, மருந்து ஜன்னலில் பன்னிரண்டு. நாங்கள் தொண்ணூறில் மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு வந்தபோது எனக்கு அஞ்சு வயது. முகாமில் தண்ணீருக்கு வரிசை, மாவுக்கு வரிசை, கக்கூசுக்கும் வரிசை. பெரிய ஆளாகி ஒரு தொழில் படித்தால் இனி எந்த வரிசையிலும் நிற்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். கையில் ஒரு கிளினிக் கொப்பியோடு வாங்கில் உட்கார்ந்து, ஒரு மிஸ் என் நம்பரைக் கூப்பிடும்வரை காத்திருப்பது எனக்கு அந்த முகாமுக்குத் திரும்பிப் போவது மாதிரி. இதை நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் என்று சொல்கிறேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பம்புக்குள் இருக்கும் சின்ன உலோகக் குப்பியைக் கழற்றி ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுவது. நிறைந்த குப்பி அடியில் போய் நிற்கும், பாதியானது தலைகீழாக மிதக்கும், வெறுங்குப்பி பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். எங்கோ கேள்விப்பட்டது, ஆனால் நான் அதை என் சொந்த வித்தை மாதிரி செய்து காட்டினேன். உனக்கு அது விளையாட்டு. “வாப்பா, கப்பல் உடுங்க” என்று கேட்பாய். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள்ளேயே, பம்ப் பாவிக்கிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கருவாட்டுத் தூசி, தென்னந்தும்புத் தூசி, உமி எரிக்கிற புகை, அத்தனையும் உள்ள இடம். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். “மிதக்கிற வரைக்கும் கிளினிக்குக்கு அலையத் தேவல்ல” என்றேன். டெக்னிக்கல் கொலேஜில் படித்தவன் சொன்னான் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த வருஷம் எங்கள் ஒழுங்கையில் தேத்தண்ணிக் கோப்பைகளில் தேத்தண்ணியைவிடக் குப்பிகள்தான் அதிகம் கிடந்தன.

உனக்கு எட்டு வயது. பாடசாலை விடுமுறை. உச்சமுனையில் ஒரு மீன் வாங்குகிற முதலாளியின் ஐஸ் பெட்டி வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். படகில் போக வேண்டும் என்றதும் நீ என் காலைப் பிடித்துக்கொண்டாய். உம்மா மறித்தாள். “போன வியாழன் கிளினிக்குப் போகல்ல. நீலப் பம்ப் முடியப் போகுது. புள்ளைய உட்டுட்டுப் போங்க.” நான் குப்பியைக் கழற்றிக் கோப்பையில் போட்டேன். தலைகீழாக நின்று ஆடியது. “பாரு, பாதி இரிக்கி” என்றேன். “ஒங்கட கோப்பையும் நீங்களும்” என்று உம்மா சொன்னாள். நீ கை தட்டினாய்.

அன்று காலை நல்ல காலைதான். அந்தோனி அண்ணனின் படகு. அவர் உன்னை முன்னால் உட்காரவைத்து, தண்ணீருக்குள் தெரியும் பாசியெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். ஐஸ் பெட்டியில் ஒரு வயர்தான் உக்கியிருந்தது, முக்கால் மணித்தியால வேலை. அந்த நேரத்தில் நீ கருவாடு காயப்போடுகிற வாடிப் பக்கம் போய்விட்டாய். மொய்க்கிற இலையானைக் கலைக்க அங்கே தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். நீ திரும்பி வந்தபோது தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது மகள், பயம் வரவில்லை. வேலை முடிந்து காசு வாங்கவில்லை, சாப்பிடவில்லை, அதற்குள் இது. பம்பை எடுத்து ஊதினேன். சத்தம் வந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஆறு தடவை ஊதியும் அடங்கவில்லை. நான் உன்னைப் பார்த்துத்தான் கத்தினேன். “சரியா இழு! ஒழுங்கா உள்ளுக்கு இழுக்காட்டி எப்படி வேல செய்யும்? சத்தம் வருதுதானே!” நீ தலையாட்டினாய். பதில் சொல்ல உனக்கு மூச்சு இருக்கவில்லை. அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வாப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பிழை என்னிலதான் என்று நினைத்து ஆட்டிய தலை அது.

திரும்பும்போது காற்று எதிர்க்காற்று. படகு குதித்தது. உன்னை மடியில் படுக்கவைத்தேன். அந்தோனி அண்ணன் எஞ்சின் பிடியை விடாமலே சொன்னார், “தம்பி, படுக்கப் போடாதீங்க. நிமித்தி வைங்க. முன்னுக்கு சாஞ்சி இருக்கட்டும்.” நான் பம்பை மறுபடி உன் வாயில் வைத்து அழுத்தினேன், கத்தினேன். அவர் இந்தத் தடவை கொஞ்சம் கடுமையாகச் சொன்னார். “நீங்க கத்துறத மொதல்ல நிப்பாட்டுங்க. புள்ள முட்டுக்குப் பயப்படல்ல, ஒங்களுக்குத்தான் பயப்படுது.” பிறகு உன்னைப் பார்த்து, “மகளே, அங்க பாரு, கரை தெரியுது. மெதுவா. மாமா வேகமாத்தான் ஓட்டுறன்” என்றார். அவர் வேகமாகத்தான் ஓட்டினார். உன் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவை ஒன்றுமே செய்யாமல் இருந்தேன், உன் முதுகைப் பிடித்துக்கொண்டு.

கல்பிட்டி ஆஸ்பத்திரியில் உன்னை வரிசையில் நிற்கவைக்கவில்லை. வாசலில் நின்ற அட்டெண்டன்ட் ஒரு பார்வை பார்த்துவிட்டு உன்னை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினார். மூக்கும் வாயும் மூடும் முகமூடி, அதற்குள் மருந்துப் புகை, கையில் ஊசி. அரை மணித்தியாலம் கழித்து உன் தோள் இறங்கியது. அப்போதுதான் ஒரு சிங்கள நர்ஸ் மிஸ் என்னிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், தமிழ் நன்றாகக் கதைப்பார், தம்பியை ‘மல்லி’ என்றும் மகளை ‘துவ’ என்றும் மட்டும் சிங்களத்தில் சொல்வார். “மல்லி, பம்ப் குடுத்தீங்களா?” “ஓம் மிஸ், பத்துப் பன்னெண்டு தடவ. பம்ப் நல்லா இரிக்கி. நான் தண்ணியில போட்டு செக் பண்ணித்தான் கொண்டுபோனேன்.” அவர் பம்பை வாங்கி ஆட்டிப் பார்த்தார். காதருகே வைத்து மறுபடி ஆட்டினார். “எப்ப தொடங்கின பம்ப் இது?” எனக்குத் தெரியவில்லை. “ஒரு நாளைக்கு எத்தின தடவ?” அதுவும் தெரியவில்லை. “இது மருந்து இல்ல மல்லி. காஸ் மட்டும்தான் வருது. மருந்து முடிஞ்சாலும் காஸ் இருக்கும், சத்தம் போடும், தண்ணியில மிதக்கும். தண்ணிக்கு என்ன தெரியும்?” பிறகு என் சட்டைப் பையில் தைத்திருந்த பெக்டரிப் பெயரைப் பார்த்தார். “நீங்க என்ன வேல?” என்றார்.

காஸ் வேலை என்று சொன்னேன் மகள். குளிரூட்டிக்குக் காஸ் அடைக்கிற வேலை. சிலிண்டரின் அமுக்கத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, கடைசித் துளி வரைக்கும் மீட்டர் ஒரே இலக்கத்தைத்தான் காட்டும், தராசில் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும், போட்டதையும் எடுத்ததையும் எழுதித்தான் வைக்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறவன் நான். பெக்டரியில் எந்த முட்டாளாவது சத்தத்தைக் கேட்டுவிட்டு நிறைய இருக்கிறது என்றால் அவனை வெளியே துரத்தியிருப்பேன். உன் விஷயத்தில் சத்தத்தைக் கேட்டு நம்பினேன். ஏனென்றால் நம்பினால் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை.

அந்த மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பேன். புதுப் பம்ப் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி, அதில் தொடங்குகிற திகதியை எழுதி, பேனாவை உன்னிடம் தந்தார். “துவ, ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. பெட்டியில எத்தினண்டு போட்டிருக்கு, அந்தளவு கோடு வந்தா வீசிடணும், சத்தம் வந்தாலும். வாப்பாட்ட குடுக்க வேணாம், நீங்களே போடுங்க.” நீ படுக்கையில் இருந்தபடியே முதல் கோட்டைப் போட்டாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் பம்பின் கணக்கு உன் கையில்தான்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். மூன்று நாள். நான் சொன்னது பிழை, தண்ணீரில் போடாதீர்கள், எண்ணுங்கள், வியாழனுக்குக் கிளினிக்குக்குப் போங்கள் என்று சொன்னேன். மூலை வீட்டு ஹாஜியார் பம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், “அப்ப தம்பி, நீங்க முந்தி சொன்னது?” “பிழை ஹாஜியார்.” “இப்ப சொல்றது?” “சரி.” “அடுத்த கெழமயும் வருவீங்களா?” அவர் மனைவி உள்ளேயிருந்து, “டெக்னிக்கல் கொலேஜ்ல கட்டின காச திருப்பிக் கேளுங்க தம்பி” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அது போதாத தண்டனை என்று தெரிந்தபடியால் சிரிக்க முடிந்தது.

பிறகு எல்லாக் கிளினிக் வியாழனும் நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாள் காத்திருக்கிற ஆட்கள் எல்லோருக்கும் கிளினிக் மிஸ் வகுப்பு வைத்தார். என்னை எழுப்பிப் பம்பைப் பிடித்துக் காட்டச் சொன்னார். மூச்சை இழுப்பதற்கு முந்தியே அழுத்திவிட்டேன். “இவர் அவசரம்” என்றார் மிஸ், அறை முழுக்கச் சிரிப்பு, நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். அன்று தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதற்குள் பம்பைச் செருகி ஊதக் காட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து நான் ஓட்டையை அளந்து, சூடாக்கி, விளிம்பு மழித்து ஒன்று செய்தேன். அதில் மட்டும் எனக்குக் கெட்டித்தனம் இருந்தது. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு கொசு விரட்டுகிற நுளம்புத் திரியை நிறுத்தச் சொன்னார், வெள்ளிக்கிழமை இரவில் உம்மா போடுகிற சாம்பிராணியையும் நிறுத்தச் சொன்னார், தும்பு மெத்தையை வெளியே போடச் சொன்னார். மண்ணிறப் பம்பை ஒரு நாளும் விடாமல் எடுத்த ஒரு வருஷத்தில் நீலத்தின் பிளாஸ்டரில் கோடுகள் குறைந்துகொண்டே போயின. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மண்ணிறத்துக்கும் மீட்டர் இருந்திருக்கிறது. அது நீலத்தின் முதுகில் ஒட்டியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதத் தேவையில்லை. நீ பதினாறு வயதில் ஒரு நாள் பம்பைக் கொண்டுவந்து காட்டினாய். “வாப்பா, கணக்குப் பிழைக்குது. நான் போட்ட கோடு நூத்திப் பத்து, பெட்டியில இருநூறு. ஆனா ஆட்டிப் பார்த்தா கொஞ்சம்தான் இரிக்கிற மாதிரி லேசா ஆடுது. யாரோ எடுக்கிறாங்க.” நான் சிரித்தேன். “நீதான் கோடு போட மறந்திருப்பாய். படிக்கிற புள்ள, எண்ணத் தெரியல்ல” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த மாதத்திலிருந்து பம்பை உன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாய். உனக்கு அப்போதே விளங்கியிருக்கலாம். விளங்கவில்லை என்றால் இப்போது விளங்கட்டும்.

நான்தான் எடுத்தேன்.

பெக்டரியில் ஒரு குழாய்ப் பொருத்து கசிந்து, மூடப் போன நானும் இன்னும் ஒருவனும் அமோனியாக் காஸைச் சுவாசித்த நாளிலிருந்து என் நெஞ்சு சரியில்லை. குளிர் அறையிலிருந்து வெளியே வரும்போது இறுகும். படி ஏறினால் விசில் அடிக்கும். அது என்ன சத்தம் என்று எட்டு வருஷம் உன் முதுகில் காது வைத்துக் கேட்டவனுக்குத் தெரியாதா? ஒரு நாள் உன் நீலப் பம்பை ஊதிப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் அடங்கியது. அதற்குப் பிறகு கிழமைக்கு ஒன்றிரண்டு, பிறகு நாளுக்கு. உன் கோட்டில் சேராமல். உனக்கு முட்டு வருகிற நேரத்துக்கு உன் பம்ப் வெறுமையாக இருந்திருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டே. உச்சமுனைக்குப் பிறகு, மகள். அதற்குப் பிறகும்தான் செய்தேன். நீ பூட்டிய பிறகு பார்மஸியில் ஒன்று வாங்கினேன். என் டூல் பொக்ஸில், ஸ்பானர் தட்டுக்கு அடியில் இருக்கிறது. நீலம் மட்டும். மண்ணிறம் வேண்டுமென்றால் டொக்டரைக் காண வேண்டும், டொக்டரைக் காண்பதென்றால் என் பெயரில் கொப்பி திறக்க வேண்டும். வருஷா வருஷம் பெக்டரியில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். உன்னுடையதில் இருக்கும் அதே கேள்வி. நானும் அதே ஒரு சொல்லைத்தான் எழுதிக் கொடுத்து வருகிறேன். தெரிந்தால் பிளான்ட் ரூமிலிருந்து மாற்றிவிடுவார்கள், மாற்றினால் சம்பளம் குறையும், நீ படிக்க வேண்டும். காரணம் என்று நினைத்திருந்தேன். உன் கையெழுத்தில் அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு அது காரணமாகத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. போன வருஷம் மதுரங்குளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், சம்பந்தப் பேச்சு மாதிரி ஏதோ. நீ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாய், இருமல் வந்தது. நான் மெல்லமாக, “உள்ளுக்குப் போய் ஊது, ஆக்கள் பார்க்க வேணாம்” என்றேன். அந்தச் சம்பந்தம் வேறு எதற்கோ நின்றுபோனது. ஆனால் நான் சொன்னது நிற்கவில்லை. அதைத்தான் நீ மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். உள்ளுக்குப் போய் ஊதுகிறேன், ஆட்கள் பார்க்க வேண்டாம் என்று.

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய் கிளினிக் டொக்டர் மிஸ்ஸிடம் கேட்டேன். உன் வருத்தம் இரண்டு வருஷமாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதைக் கடிதமாக எழுதித் தருகிறேன், அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கும் மாற்றுக் கடிதம் தருகிறேன், அங்கும் மருந்து இலவசம் என்றார். “இதுக்காகத் தள்ளுவாங்களா மிஸ்?” என்று கேட்டேன். “தள்ளக் காரணம் இல்ல. ஆனா நான் அந்தக் கல்லூரி இல்லயே” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அதையே உனக்கும் சொல்கிறேன்: தள்ள மாட்டார்கள் என்று நான் எழுதித் தர முடியாது. தள்ளினால் நான் உன்னோடு வந்து அங்கே கத்துவேன், அது எனக்கு வரும். ஆனால் மலையில் ஒரு அறையில் உன் தோள் காதுவரை ஏறும்போது, நான் இங்கே கத்தினால் கேட்காது. அந்தோனி அண்ணன் மாதிரி ஒருவர் அங்கே இருப்பார், கட்டாயம் இருப்பார், எங்கும் இருக்கிறார்கள். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டும், உனக்கு என்னவென்று. முதல் நாளே அந்த ஐந்து பேருக்கும் பம்பைக் காட்டு. எந்தப் பை என்று சொல்லு. சிரிக்கிறவள் சிரிக்கட்டும். குளிருக்கு மண்ணிறத்தை விடாதே. கோடு போடு. நான் உனக்குச் சொல்ல வேறு புத்தி ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் இதற்குள்ளேதான், அதுவும் உன்னிடமிருந்தும் அந்த மிஸ்மாரிடமிருந்தும் படித்தது.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனால் களைத்துப்போனேன், மகள். வேலையால் அல்ல. சத்தத்தை ஒளித்துக்கொண்டு மூச்சு விடுவது பெரிய வேலை. மாடிப் படியில் நடுவில் நின்று போன் பார்க்கிற மாதிரி நடிப்பது, உம்மா பக்கத்தில் படுத்தால் மறுபக்கம் திரும்பிப் படுப்பது. நீ இந்த வயதில் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

படிவம் மேசையில் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. பக்கத்தில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கும், இன்று வாங்கியது. அட்டையில் என் பெயர், வயது, விலாசம் எழுதியிருக்கிறேன். உள்ளே முதல் பக்கத்தில் என்ன வருத்தம், எத்தனை வருஷமாக, எவ்வளவு நீலம் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை மட்டும் சரியாகத் தெரியாது, கோடு போடாமல் எடுத்தது. நாளை கிளினிக் வியாழன். நீ மாற்றுக் கடிதம் எடுக்க வர வேண்டும், நான் நம்பர் எடுக்க வேண்டும். அஞ்சரைக்கு வெளிக்கிடுவோம். அதற்கு முதல் மூன்றாம் பக்கத்தைத் திற. நீ எழுதிய ஒரு சொல்லை நீயே வெட்டு, மேலே சரியானதை எழுது, அதற்குக் கீழே நான் கையெழுத்து வைக்கிறேன். பேனா கொப்பிக்கு மேலேயே இருக்கிறது. பிந்தாதே. நம்பர் பின்னுக்குப் போனால் எனக்கு வாங்கில் உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு உட்கார்ந்திருப்பேன்.

உன் வாப்பா